டேப்லெட்டில் வரையும்போது செயலி திடீரென்று மூடிக்கொள்வது ஏன், படத்தை எப்படிக் காப்பது?

4 ஜிபி ரேம் (ஓடும் செயலிகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகம்) உள்ள ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், ஏ4 அளவில், அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அடர்த்தியில், சுமார் 30 லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் போன்றவை) வைத்து வரைகிறீர்கள். ஒரு மணி நேரம் கழிந்தபின், லேசோவால் (சுற்றிக் கோடிட்டுத் தேர்ந்தெடுக்கும் கருவி) ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து நகர்த்தும்போதோ மங்கலாக்கும் ஃபில்டரைப் போடும்போதோ செயலி எந்த அறிவிப்பும் இல்லாமல் மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தால் 40 நிமிடத்துக்கு முந்தைய படம்தான் இருக்கிறது. புது டேப்லெட் வாங்க வேண்டுமா, செயலியை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இப்போதைக்குத் தேவையில்லை என்பதே என் பதில். ஆனால் அதை வெறுமனே சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குப் பயன் இருக்காது. செயலி எதனால் மூடிக்கொள்கிறது என்ற கணக்கு பிடிபட்டுவிட்டால், அடுத்த முறை அது நடக்கும் முன்பே உங்களால் ஊகிக்க முடியும். அதோடு, எந்தச் செயலியும் எந்தக் கருவியும் ஒருபோதும் மூடிக்கொள்ளாது என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆகவே மூடிக்கொள்வதைக் குறைப்பது பாதி வேலை என்றால், மூடிக்கொண்டாலும் பத்து நிமிட உழைப்புக்கு மேல் போகாதபடி வேலையை அமைத்துக்கொள்வது மீதிப் பாதி. நான் இரண்டாவதை இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலில் கணக்கு. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் எடுத்தால் கேன்வாஸ் (வரையும் பரப்பு) 2480 × 3508 பிக்சல், அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். வழக்கமான 8 பிட் வண்ணத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதன்மை என்று நான்கு பைட் வேண்டும். ஆக, முழுவதும் வண்ணம் நிரம்பிய ஒரு லேயர் சுமார் 35 எம்பி இடம் பிடிக்கிறது. இதையே 600 புள்ளிகளுக்கு உயர்த்தினால் அகலமும் உயரமும் தனித்தனியே இரட்டிப்பாகி, கேன்வாஸ் 4960 × 7016 ஆகிறது. லேயர் ஒன்றுக்கு 139 எம்பி. எண் இரண்டு மடங்கானதால் சுமையும் இரண்டு மடங்குதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நான்கு மடங்கு. உங்கள் 30 லேயர்களும் நிரம்பியிருந்தால் அவை மட்டுமே 4 ஜிபியைத் தாண்டிவிடும். உங்கள் டேப்லெட்டின் மொத்த ரேமே அவ்வளவுதான். அதிலும் கணிசமான பங்கை இயங்குதளம் எடுத்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்கக் கூடாதே என்று தோன்றலாம். பெரும்பாலான ஓவியச் செயலிகள் லேயரைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, தீட்டப்பட்ட சதுரங்களை மட்டுமே நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. கிரிட்டா என்ற ஓவியச் செயலியில் அந்தச் சதுரம் 64 × 64 பிக்சல். கண்ணிமையை மட்டும் வரைந்த லேயர் ஒன்று முழுத் தாளின் இடத்தைப் பிடிப்பதில்லை. அதனால்தான் தொடக்கத்தில் எல்லாம் சீராக ஓடுகிறது. பின்னணி, தோல், உடை என்று ஒவ்வொரு லேயரும் நிரம்ப நிரம்பச் சுமை ஏறி, ஏதோ ஒரு கட்டத்தில் எல்லையைத் தொடுகிறது. "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்று நாம் எல்லோருமே சொல்வதன் காரணம் இதுதான்.

லேயர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாத சுமை இரண்டு உண்டு. ஒன்று அன்டூ, அதாவது செய்ததை ஒவ்வொரு படியாகத் திரும்பப் பெறும் வசதி. நீங்கள் ஒரு கோட்டை இழுக்கும்போது, அந்தக் கோடு தொட்ட பகுதி முன்பு எப்படி இருந்தது என்பதைச் செயலி எடுத்து வைத்துக்கொள்கிறது. மெல்லிய பிரஷால் ஒரு முடியிழை வரைந்தால் சில சதுரங்கள் மட்டும் சேரும். பெரிய மென்பிரஷால் கேன்வாஸின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை நிழல் தடவினால், அந்த ஓர் அசைவே ஏறத்தாழ ஒரு முழு லேயரின் எடையோடு அன்டூ வரலாற்றில் போய் உட்காரும். சாயலை மாற்றிப் பார்ப்பது, மொத்தத்தையும் நிரப்பிப் பார்ப்பது, பிடிக்கவில்லை என்று திரும்பி வேறு நிறம் நிரப்புவது என்று பத்து முறை செய்தால், ஒரு கோடு கூடக் கூடியிருக்காது. நினைவகத்தில் மட்டும் கிட்டத்தட்ட பத்து லேயர் கூடியிருக்கும். செயலிகள் இதைச் சுருக்கி வைக்கவும், பழையதைக் கழித்துவிடவும் முயல்கின்றன என்பது உண்மை. ஆனாலும் போக்கு இதுவே.

இரண்டாவது, தற்காலிக நகல்கள். லேசோவால் ஒரு பகுதியைத் தூக்கி நகர்த்தும்போது, எடுக்கப்பட்ட துண்டு தனியாகவும், அது போன பின் இருக்கும் லேயர் தனியாகவும், திரையில் உங்களுக்குக் காட்டும் முன்னோட்டம் தனியாகவும் வைக்கப்படலாம். மங்கலாக்கும் ஃபில்டரும், உருவத்தை இழுத்து வளைக்கும் கருவியும் இதே வகை. அதாவது, ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் நினைவகத்தின் மேல் ஒரே நொடியில் சில நூறு எம்பி வந்து விழுகிறது. உங்கள் செயலி சரியாக இந்த இரண்டு வேலைகளின்போதே மூடிக்கொள்கிறது என்று நீங்கள் குறித்திருப்பதுதான் என்னை நினைவகத்தின் பக்கம் திருப்பியது. இதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. பலரும் "திடீரென்று மூடுகிறது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

எல்லை தாண்டியதும் என்ன நடக்கிறது? கணினியில் ரேம் போதாதபோது இயங்குதளம் வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தி மெதுவாகவேனும் ஓட்டிவிடும். டேப்லெட்டுகள் அந்த அளவுக்கு அப்படிச் செய்வதில்லை. ஆண்ட்ராய்டு ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்துச் சமாளிக்கிறது. அதற்கும் மேலே போனால், குறைநினைவகத்தைக் கவனிக்கும் ஒரு காவல் நிரல் செயலிகளை ஒவ்வொன்றாக முடித்துவைக்கிறது. ஐபேடில் இந்த வேலையைச் செய்யும் பொறியமைவின் பெயர் ஜெட்சாம். கப்பல் மூழ்காமலிருக்கச் சரக்கைக் கடலில் எறிவதைக் குறிக்கும் சொல் அது, பொருத்தமான பெயர்தான். இப்படி முடிக்கப்படும் செயலிக்குச் சேமித்துக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை, பிழைச் செய்தி காட்டவும் வாய்ப்பில்லை. அதனால்தான் முகப்புத் திரை மட்டும் வந்து நிற்கிறது. வழக்கமாகப் பின்னணியில் இருப்பவை முதலிலும், முன்னால் திறந்திருப்பது கடைசியிலும் முடிக்கப்படும். ஆகவே நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் செயலியே போய்விட்டது என்றால், தூக்கி எறிய வேறு ஏதும் மிஞ்சவில்லை, அல்லது அந்த ஒரு செயலியே தனக்குரிய வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். உலாவியையும் இசைச் செயலியையும் மூடிவிட்டு உட்காருவது ஓரளவு உதவும், ஆனால் மூலக் காரணத்தைத் தொடாது. ரேமைச் "சுத்தம்" செய்வதாகச் சொல்லும் செயலிகளை நிறுவவே வேண்டாம். இயங்குதளம் ஏற்கெனவே செய்யும் வேலையை அவை குறுக்கே புகுந்து குழப்புகின்றன.

இது நினைவகச் சிக்கல்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு எளிய சோதனை போதும். 1000 × 1000 பிக்சலில் ஒரு புதுக் கேன்வாஸைத் திறந்து, இரண்டு லேயர் மட்டும் வைத்து, அதே லேசோவையும் அதே ஃபில்டரையும் பத்து முறை போட்டுப் பாருங்கள். அங்கும் மூடிக்கொண்டால் அது செயலியின் பிழை, மூடாவிட்டால் நினைவகம். ஒரு குறிப்பிட்ட பிரஷை எடுக்கும்போது மட்டும் மூடினால், பெரும்பாலும் அது எங்கிருந்தோ இறக்கிக்கொண்ட, மிகப் பெரிய அமைவுப் படங்கள் (டெக்ஸ்சர்) கொண்ட பிரஷாக இருக்கும். அதை நீக்கிவிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு படத்தைத் திறந்தால் மட்டும் மூடினால் அந்தக் கோப்பு சேதமாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை எப்படிக் கையாள்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வேறு செயலிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது படம் பழையதாகத் தெரிந்தால், பின்னணியில் இருந்தபோது இயங்குதளம் அதை முடித்திருக்கிறது. பேட்டரி மேம்படுத்தல் அமைப்பில் உங்கள் ஓவியச் செயலிக்கு விலக்குக் கொடுத்தால் இது குறையும். ஐபேட் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் உள்ள பகுப்பாய்வுத் தரவைத் திறந்தால், ஜெட்சாம்ஈவென்ட் என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். செயலி மூடிய அதே நேரத்தில் அப்படி ஒன்று பதிவாகியிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

இனிச் சுமையைக் குறைப்பது. உங்கள் படம் ஏ4 தாளில் அச்சாகப் போகிறது என்றால் 300 புள்ளிகள் போதும். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் வண்ண ஓவியத்துக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 கேட்கும் அச்சகங்கள் உண்டு, அது வேறு கதை. திரையில் மட்டுமே காட்டப்போகும் படத்துக்கு நீளப் பக்கம் 3000 பிக்சல் இருந்தால் தாராளம். இந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் 30 லேயர்களின் உச்ச எடை 4 ஜிபிக்கு மேலிருந்து ஏறத்தாழ 1 ஜிபிக்கு இறங்கிவிடும். வேறு எதையும் செய்ய மனமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இன்னொரு முறையும் எனக்கு நன்றாகப் பயன்படுகிறது. உருவ அமைப்பு, ஒளி நிழல், வண்ணத் திட்டம் ஆகிய மூன்றையும் பாதி அளவுக் கேன்வாஸில் முடித்துக்கொண்டு, நுண்விவரங்களுக்கு வரும்போதுதான் முழு அளவுக்குப் பெரிதாக்குவேன். லேசோவும் வளைக்கும் கருவியும் அதிகம் தேவைப்படுவது தொடக்கக் கட்டத்தில்தானே. அப்போது கேன்வாஸ் சிறியதாக இருந்தால் அந்தத் தற்காலிக நகல்களும் கால் பங்குதான். பெரிதாக்கும்போது விளிம்புகள் சற்று மங்கும், ஆனால் அதற்கு மேல்தானே தீட்டப்போகிறோம். கோட்டோவியம் மட்டும் இதற்கு ஒத்துவராது. கோடுகளைப் பெரிதாக்கிய பின்பே போடுங்கள்.

லேயர்களை இணைக்கத் தயங்குவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். என்றைக்காவது திருத்த வேண்டியிருக்கும் என்று முடிக்கு எட்டு லேயர், தோலுக்கு ஆறு லேயர் என்று வைத்துக்கொண்டே போகிறோம். நான் செய்வது இது: ஒரு பகுதி முடிந்தது என்று தோன்றியதும் படத்தின் முழு நகலை எடுத்து வைத்துவிட்டு, வேலை நடக்கும் பிரதியில் அந்தப் பகுதியின் லேயர்களை ஒன்றாக்கிவிடுகிறேன். திருத்தம் தேவைப்பட்டால் பழைய நகல் இருக்கிறது. சொல்லப்போனால், அந்த நகலைத் திருப்பித் திறக்க வேண்டி வந்தது மிகவும் அரிது. பின்னணி பெரிதாக இருந்தால் அதைத் தனிக் கோப்பில் முடித்து, ஒரே லேயராகக் கொண்டுவாருங்கள். பார்த்து வரைவதற்கான நிழற்படத்தைக் கேன்வாஸிலேயே ஒரு லேயராக ஒட்டி வைக்கும் பழக்கம் இருந்தால், அதையும் வேலை முடிந்ததும் நீக்குங்கள். 16 பிட் வண்ணம் தரும் செயலிகளில் காரணமில்லாமல் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிக்சலுக்கு நான்கு பைட்டுக்குப் பதில் எட்டு பைட் ஆகிவிடும்.

அன்டூ எண்ணிக்கையை மாற்ற இடமளிக்கும் செயலிகளில், கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் அப்படி ஒன்று, அதை 30 அல்லது 40 ஆகக் குறைத்துப் பாருங்கள். ஐபேடுக்கான ஓவியச் செயலியான ப்ரோகிரியேட்டில் 250 படிகள் வரை உண்டு, ஆனால் படத்தை மூடிக் கேலரிக்கு (செயலியில் படங்கள் வரிசையாகத் தெரியும் பக்கம்) திரும்பியதும் அந்த வரலாறு அழிந்துவிடும். பலரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நினைவகம் நெருக்கும்போது இதுவே வழியாகவும் இருக்கிறது. பெரிய ஃபில்டர் ஒன்றைப் போடும் முன் கேலரிக்குப் போய்த் திரும்பினால், படமும் சேமிக்கப்படுகிறது, வரலாற்றுச் சுமையும் இறங்குகிறது.

சேமிப்பிடத்தைப் பற்றி ஒரு சொல். ரேம் வேறு, சேமிப்பிடம் வேறு என்றாலும், சேமிப்பிடம் நிரம்பி வழியும் டேப்லெட்டில் தானியங்கிச் சேமிப்பு அரைகுறையாக முடிந்து கோப்பே கெடலாம். ஐந்து ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். வரையும் செயல்முறையைக் காணொளியாகப் பதிவுசெய்யும் வசதி இடத்தைச் சாப்பிடும்; உயர்தரத்தில் தேவையில்லை என்றால் தரத்தைக் குறையுங்கள். முழுதாக அணைக்க வேண்டாம் என்பேன், காரணம் பின்னால் வருகிறது.

வெப்பம் நேரடியாகச் செயலியை மூடுவது குறைவு. அது முதலில் வேகத்தைக் குறைத்து, திரையை மங்கச் செய்யும். ஐபேடுக்கு ஆப்பிள் குறிப்பிடும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சார்ஜ் ஏற்றிக்கொண்டே தடித்த உறையோடு வரைந்தால் கருவி தன்னைக் காத்துக்கொள்ள மெதுவாகும். மெதுவான கருவியில் கனமான ஃபில்டர் போட்டால் செயலி சிறிது நேரம் உறைந்துபோகும். ஆண்ட்ராய்டில் ஒரு தொடுகைக்கு ஐந்து நொடி வரை பதில் வராவிட்டால், செயலி பதிலளிக்கவில்லை, காத்திருக்கவா மூடவா என்று ஒரு பெட்டி வரும். அங்கே எப்போதும் காத்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். செயலி இறந்துவிடவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பல நேரங்களில் மீண்டுவிடும். பதற்றத்தில் திரையை மறுபடி மறுபடி தொடுவது அந்த வரிசையில் இன்னும் வேலைகளைச் சேர்க்கும்.

இனி எனக்கு நெருக்கமான பகுதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதிய பெண்ணின் முகத்தை வரைந்துகொண்டிருந்தேன். இடது கண்ணின் கீழ் இமையில் ஈரம் தெரியும் அந்த மெல்லிய வெண்கோட்டைப் போட, பிரஷை மூன்று பிக்சலுக்குக் குறைத்து, ஸ்டைலஸின் முனையைக் கண்ணாடியில் வைத்தேன். கோடு தொடங்கி, பாதியில் நின்று, அடுத்த நொடி முகப்புத் திரையின் சின்னங்கள் என் கைக்கு அடியில் இருந்தன. திரும்பத் திறந்தபோது கேலரியில் சிறுபடம் முழுமையாகத் தெரிந்தது, அந்த வெண்கோட்டின் தொடக்கம் உட்பட. தொட்டுத் திறந்தால் வெற்றுக் கேன்வாஸ். நான் செய்த தவறு அதற்குப் பிறகுதான்: நம்ப முடியாமல் கேலரிக்குத் திரும்பினேன், செயலி அந்த வெற்றுக் கேன்வாஸையே உண்மை என்று எடுத்துக்கொண்டு சேமித்தது, சிறுபடமும் வெறுமையாகிவிட்டது. மூன்று நாள் உழைப்பில் கையில் மிஞ்சியது நண்பர் ஒருவருக்கு முந்தைய இரவு அனுப்பியிருந்த ஒரு பிஎன்ஜி படம் மட்டுமே. அதை அடியில் வைத்து மறுபடி வரைந்தேன்.

அந்த அனுபவத்தில் நான் புரிந்துகொண்டது, "தானாகச் சேமிக்கும்" என்ற சொல் ஒவ்வொரு செயலியிலும் வெவ்வேறு பொருள் தருகிறது என்பதுதான். ப்ரோகிரியேட்டில் சேமிக்கும் பொத்தானே கிடையாது. வரைய வரைய எழுதிக்கொண்டே போகும். கிரிட்டாவும் கிளிப் ஸ்டுடியோ பெயின்டும் நீங்கள் வைத்திருக்கும் இடைவெளியில் மீட்புப் பிரதி ஒன்றை எழுதுகின்றன. அது உங்கள் கோப்பு அல்ல, தனியாக நிற்கும் ஒன்று. வேறு சில செயலிகள் நீங்கள் கேலரிக்குத் திரும்பும்போது மட்டுமே சேமிக்கின்றன; இரண்டு மணி நேரம் கேன்வாஸை விட்டு வெளியே வராமல் வரைந்தால் இரண்டு மணி நேரமும் ஆபத்தில்தான் இருக்கிறது. உங்கள் 40 நிமிட இழப்பைப் பார்த்தால், உங்களுடையது இந்தக் கடைசி வகை, அல்லது இடைவெளி நீளமாக வைக்கப்பட்ட இரண்டாம் வகை. எதுவென்று அறிய ஒரு வழி: சோதனைப் படம் ஒன்றில் ஒரு கோடு போட்டு, நேரம் குறித்துக்கொண்டு, சில நிமிடம் கழித்துச் செயலியை வலுக்கட்டாயமாக மூடுங்கள். திறக்கும்போது கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமான வேலை கையில் இல்லாத ஒரு நாளில் இதைச் செய்துவிட்டால், இனி எதை நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இடைவெளியை மாற்ற முடிந்தால் ஐந்து நிமிடமாக வையுங்கள்; பெரிய கோப்பில் ஒவ்வொரு முறையும் ஓரிரு நொடி தடங்கல் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

கையால் சேமிப்பதைக் கடிகாரத்தோடு இணைத்தால் மறந்துபோகும், வரைவதில் மூழ்கியவருக்கு நேரம் தெரியாது. நான் அதை ஸ்டைலஸோடு இணைத்துக்கொண்டேன். எந்தக் காரணத்துக்காக ஸ்டைலஸைக் கீழே வைத்தாலும் அதற்கு முன் சேமிப்பு. ஆபத்தான வேலைகளுக்கு முன்பும் அப்படியே: பெரிய தேர்வை நகர்த்துவது, வளைப்பது, மங்கலாக்குவது, கேன்வாஸ் அளவை மாற்றுவது, லேயர்களை இணைப்பது, பெரிய படத்தை உள்ளே கொண்டுவருவது.

ஒரே கோப்பின் மேல் திரும்பத் திரும்பச் சேமிப்பது மட்டும் போதாது, ஏனென்றால் கெட்டுப்போன நிலையும் நல்ல நிலையின் மேலேயே எழுதப்பட்டுவிடும்; என் கதையில் நடந்தது அதுதான். பென்சில் வரைவு முடிந்ததும் ஒரு பிரதி, கோடுகள் முடிந்ததும் ஒன்று, அடிவண்ணம் முடிந்ததும் ஒன்று, நாளின் முடிவில் ஒன்று என்று எண்ணிட்டு வையுங்கள். கிரிட்டாவில் எண்ணைத் தானாகக் கூட்டிச் சேமிக்கும் கட்டளையே இருக்கிறது. படம் முடிந்த பின் இடைப்பிரதிகளை அழித்துவிடலாம்.

ஆனால் அந்தப் பிரதிகள் எல்லாம் அதே செயலிக்குள் இருந்தால் அவற்றைக் காப்பு என்று சொல்ல முடியாது. பல ஓவியச் செயலிகள் படங்களைத் தமக்குள்ளேயே பூட்டி வைக்கின்றன. செயலியை நீக்கினால் படங்களும் சேர்ந்தே போய்விடும். சிக்கல் வந்தால் "நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்ற பொதுவான அறிவுரையை ஓவியச் செயலியிடம் காட்டாதீர்கள். ஆண்ட்ராய்டின் செயலி அமைப்பில் தற்காலிகச் சேமிப்பை அழிக்கும் பொத்தானும் தரவை அழிக்கும் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது பொதுவாக ஆபத்தற்றது, இரண்டாவது உங்கள் கேலரியையே துடைத்துவிடலாம். ஐபேடில் செயலியை இறக்கி வைக்கும் தேர்வு ஆவணங்களை விட்டுவைக்கும், நீக்கும் தேர்வு விட்டுவைக்காது. வாரத்துக்கு ஒரு முறையாவது, வேலை நடக்கும் நாளில் அன்றன்றைக்கு, செயலியின் சொந்த வடிவத்தில் ஒரு கோப்பையும் ஒரு பிஎன்ஜி படத்தையும் டேப்லெட்டுக்கு வெளியே, கணினிக்கோ மேகச் சேமிப்புக்கோ பென்டிரைவுக்கோ அனுப்புங்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி வடிவம் பல செயலிகளில் திறக்கும் என்பது நன்மை. எழுத்து, வெக்டர் கோடுகள், லேயர்கள் ஒன்றோடொன்று கலக்கும் சில முறைகள் அதில் அப்படியே போகாமல் மாறலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று: பென்டிரைவிலோ மேகக் கோப்புறையிலோ இருக்கும் கோப்பை அங்கேயே திறந்து வரையாதீர்கள். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பு பாதியில் நிற்கும். உள்ளே வைத்து வரைந்து, முடிந்தபின் நகலெடுப்பதே சரி.

இத்தனைக்கும் பிறகு செயலி மூடிக்கொண்டு படம் திறக்காமல் போனால், முதல் விதி அந்தக் கோப்பைத் தொடாமலிருப்பது. கேலரியில் சிறுபடம் தெரிகிறது என்றால் உடனே அதைத் திரைப்பிடிப்பு எடுங்கள். டேப்லெட்டை ஒரு முறை அணைத்துத் தொடங்குங்கள். பிறகு கேலரியிலேயே அந்தப் படத்தின் நகலை எடுத்து, நகலை மட்டும் திறந்து பாருங்கள். வேறு எந்தப் படத்தையும் திறக்காத, ரேம் காலியாக இருக்கும் அந்த நேரத்தில், முன்பு திறக்க மறுத்த கோப்பு திறந்துவிடுவது உண்டு. திறந்தால் வரையத் தொடங்காமல் முதலில் வெளியே ஒரு பிரதி அனுப்புங்கள். கிரிட்டா போன்றவை அடுத்த முறை திறக்கும்போது, மீட்கக்கூடிய கோப்பு இருக்கிறது, வேண்டுமா என்று கேட்கும். எரிச்சலில் அந்தப் பெட்டியைத் தள்ளிவிட்டு மீட்புப் பிரதியை இழந்தவர்கள் பலர்.

நகலும் திறக்கவில்லை என்றால் கோப்பைக் கணினிக்கு அனுப்புங்கள். கிரிட்டாவின் கேஆர்ஏ கோப்பு உண்மையில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதி. அதன் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், மெர்ஜ்டுஇமேஜ் என்ற பெயரில் முழுப் படமும் ஒரே பிஎன்ஜி கோப்பாக உள்ளே இருக்கும். லேயர்கள் போனாலும் படம் கிடைத்துவிடும். ப்ரோகிரியேட் கோப்பும் பொதிதான், ஆனால் அதிலிருந்து எளிதில் எடுக்கக்கூடியது சிறுபடம் மட்டுமே. இங்கேதான் செயல்முறைக் காணொளி கைகொடுக்கிறது: வெளியே எடுத்து வைத்த காணொளி இருந்தால், அதன் கடைசிச் சட்டகத்தை நிறுத்திப் பிடித்தால் வண்ணங்களும் அமைப்பும் தெளிவாகத் தெரியும் அளவில் படம் உங்களிடம் இருக்கும். அதைக் கேன்வாஸின் அடியில் வைத்து மறுபடி வரையலாம். இரண்டாம் முறை வரைவது முதல் முறை எடுத்த நேரத்தை எடுப்பதில்லை. எந்த நிறம், எந்த வளைவு என்று தேடி அலைந்த பொழுதுதான் முதல் முறை அதிகம், அந்த முடிவுகள் எல்லாம் இப்போது உங்களிடம் இருக்கின்றன. நானும் அந்த முதியவளின் முகத்தை ஒரே நாளில் முடித்தேன்.

புது டேப்லெட்டைப் பற்றிக் கேட்டீர்கள். 300 புள்ளிகளுக்கு இறங்கி, லேயர்களை இணைத்து, அன்டூவைக் குறைத்த பின்னும் வாரத்துக்கு இரு முறை மூடிக்கொள்கிறது என்றால் அப்போது யோசியுங்கள். டேப்லெட்டின் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது என்பதால், வாங்கும்போது சேமிப்பிடத்தை விட ரேமுக்கு முதலிடம் கொடுங்கள். பெரிய கேன்வாஸில் வரைபவருக்கு 8 ஜிபி நியாயமான தொடக்கம். ஐபேடில் ஒரே மாதிரிக்குள்ளும் ரேம் மாறலாம்: 2021இல் வந்த எம்1 ஐபேட் ப்ரோவில் 512 ஜிபி வரையிலான சேமிப்பிடத்துக்கு 8 ஜிபி ரேம், 1 டிபிக்கும் 2 டிபிக்கும் 16 ஜிபி ரேம். ஐபேட்ஓஎஸ் 16 முதல் இத்தகைய கருவிகளில் சேமிப்பிடத்தையும் நினைவகமாகப் பயன்படுத்தும் வசதி வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூடுதல் ரேம் என்ற பெயரில் சேமிப்பிடத்தைச் சேர்த்துக் காட்டும் அமைப்பு, பின்னணிச் செயலிகளை ஒதுக்கி வைக்க உதவும். உண்மையான ரேமாக அதை எண்ணி வாங்காதீர்கள்.

சோதனையில் அது செயலியின் பிழை என்று தெரிய வந்தால், அதை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். டேப்லெட்டின் மாதிரி, இயங்குதளத்தின் பதிப்பு, செயலியின் பதிப்பு, கேன்வாஸின் அளவு, லேயர் எண்ணிக்கை, எந்தக் கருவியை எந்த வரிசையில் தொட்டபோது மூடியது, மறுபடி செய்தால் மறுபடி மூடுகிறதா என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்பிடுங்கள். திரும்பத் திரும்ப நிகழச் செய்யக்கூடிய பிழையைத்தான் அவர்களால் தேடிப் பிடிக்க முடியும். கையில் வேலை இருக்கும் வாரத்தில் செயலியையோ இயங்குதளத்தையோ புதுப்பிக்காதீர்கள். படத்தை ஒப்படைத்த மறுநாள், எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்த பிறகு புதுப்பியுங்கள். இப்போது கையில் இருக்கும் படத்துக்கு: முதலில் அதன் நகலை வெளியே அனுப்புங்கள், பின் டேப்லெட்டில் இருப்பதை 300 புள்ளிகளுக்குக் குறைத்து, முடிந்த பகுதிகளின் லேயர்களை இணைத்து, அதே லேசோவை மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் மூடிக்கொண்டால், லேயர் எண்ணிக்கையையும் செயலியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்து எங்கே பார்க்கலாம் என்று சொல்கிறேன்.